எல்லைக்கு இருபுறமும் ஒரே சட்டம்

தமிழ்நாட்டின் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் இஞ்சிவிளைக்குள் நுழைந்ததும் நிறைய மாறிவிடுகிறது. பெட்ரோல் விலை மாறும், ரேஷன் அட்டை மாறும், பேருந்துப் பலகையின் எழுத்து மாறும், பிள்ளைகள் சுமக்கும் பாடப்புத்தகம் மாறும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. அன்று போட்ட கோட்டுக்கு இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், ஆஸ்பத்திரிக்குப் போவதும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

கோட்டைப் பார்க்காத இன்னொன்றும் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. கேரளத்துப் பாறசாலைக்கும் தமிழ்நாட்டு மார்த்தாண்டத்துக்கும் அதில் ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை. புத்தகத்தையும் பாட்டையும் சினிமாவையும் காப்பதற்காக வந்த அந்தச் சட்டம்தான் இன்று கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருளையும் ஆள்கிறது.

அது எங்கெல்லாம் கை வைக்கிறது என்பதைப் பார்க்கப் பெரிய நிறுவனங்களுக்குப் போக வேண்டியதில்லை. எல்லையோரக் கடைவீதி எதிலும் உள்ள கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சிறிது நேரம் நின்றால் போதும்.

"அண்ணே, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா கெடக்கு. ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தாங்க."

"ஒரிஜினலா, சும்மாவா தம்பி?"

"சும்மா போதும்ணே."

கடைக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுப்பார். முதலில் விண்டோஸ் ஏறும். பிறகு ஆபீஸ், ஃபோட்டோஷாப், மலையாளத்துக்கும் தமிழுக்குமாக ஒரு மூட்டை எழுத்துருக்கள். கடைசியாக, ஆக்டிவேஷன் கேட்டுத் தொந்தரவு செய்யாமலிருக்க ஒரு கிராக் கோப்பு. கூலியாகச் சில நூறு ரூபாய். இருவருக்குமே எதையும் திருடிவிட்ட உணர்வு இருக்காது. கடைக்காரர் உழைப்புக்குத்தானே காசு வாங்கினார்? வந்தவர் தன் சொந்த மெஷினைத்தானே சரிசெய்துகொண்டார்?

சட்டம் இதை வேறு கண்ணால் பார்க்கிறது.

இந்தியச் சட்டத்தில் கணினி நிரல் என்பது 'இலக்கியப் படைப்பு'. 1984இல் கொண்டுவந்த திருத்தம் நிரலை அந்த வகைக்குள் சேர்த்தது. 1994இல் செய்து 1995 மே 10 முதல் அமலான திருத்தம் அதை மேலும் விரித்தது. ஒரு வேலையைச் செய்யவைக்கும்படி கணினிக்குச் சொற்களிலோ குறிகளிலோ தரும் கட்டளைத் தொகுதி எதுவும் நிரல்தான். மனிதர் படிக்கும் மூலநிரலாக இருந்தாலும், இயந்திரம் மட்டுமே படிக்கும் வடிவில் இருந்தாலும் காப்பு ஒன்றே. எழுதியவர் வாழ்நாளும் அதன் பிறகு 60 ஆண்டுகளும் என்று நாவலுக்கு உள்ள அதே ஆயுள் நிரலுக்கும் உண்டு. பத்து வருடத்தில் பழசாகிப் போகும் ஒரு பொருளுக்கு இவ்வளவு நீண்ட காவல் பொருந்துமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

உரிமையாளருக்கு மட்டுமே உரிய செயல்களைப் 14ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. படியெடுத்தல், மின்னணு முறையில் எங்கும் சேமித்துவைத்தல், மொழிபெயர்த்தல், தழுவி மாற்றுதல், விற்றல், வணிகமாக வாடகைக்கு விடுதல். பென்டிரைவிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு ஏற்றுவதே படியெடுத்தல்தான். கூலிக்காக அதைச் செய்த கடைக்காரர் மீறலுக்கான 63ஆம் பிரிவில் அகப்படுவார் என்றால், திருட்டுப் படி என்று தெரிந்தே அதை ஓட்டுபவர் 63பி பிரிவில் அகப்படுவார். 63பி பிரிவின் தண்டனை 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வீட்டில் சொந்த உபயோகத்துக்கு, லாப நோக்கமின்றிப் பயன்படுத்தியிருந்தால் தக்க காரணம் காட்டி நீதிமன்றம் சிறையை விலக்கி, 50,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு விடலாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்கோ ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடைக்கோ அந்தச் சலுகை கிடையாது. அங்கே நடப்பது வியாபாரம்.

சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி ஒருவர் வாரண்ட் இல்லாமலே திருட்டுப் படிகளையும் அவற்றை உண்டாக்கிய கருவிகளையும் கைப்பற்றலாம். 63ஆம் பிரிவுக் குற்றம் ஜாமீனில் விடக்கூடியதா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பதில் சொல்லிவந்தன. 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் அது என்று முடிவாகச் சொன்னது. பல கடைக்காரர்களின் காதுக்கு இந்தச் செய்தி இன்னும் போகவில்லை.

சட்டம் தடை மட்டும் போடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அதிகம் பேசப்படாத 52ஆம் பிரிவு, எவையெல்லாம் மீறல் ஆகாது என்று சொல்கிறது. மென்பொருளைக் காசு கொடுத்து முறைப்படி வாங்கியவர், எந்த வேலைக்காக வாங்கினாரோ அதைச் செய்துகொள்ளத் தேவையான அளவுக்குப் படியெடுக்கலாம், மாற்றியமைக்கவும் செய்யலாம். அழிந்துபோனால் மீட்டுக்கொள்ள ஒரு காப்புப்படி வைத்துக்கொள்ளலாம். நிரல் எப்படி இயங்குகிறது என்பதை ஓடவிட்டுக் கவனித்து, சோதித்து, அதன் அடிப்படைக் கருத்துகளைத் தெரிந்துகொள்ளலாம். தனியாக எழுதிய இன்னொரு நிரலோடு அதைச் சேர்த்து இயக்கத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதாகக் கிடைக்கவில்லையென்றால், அதைத் தோண்டி எடுக்கவும் இடமுண்டு. முறையாகப் பெற்ற படியிலிருந்து சொந்த உபயோகத்துக்கு, வணிகமல்லாத வகையில் படியெடுக்கவும் தழுவவும் தடையில்லை. வேறு பல நாடுகளின் சட்டங்களோடு ஒப்பிட்டால் இது தாராளமான பட்டியல் என்றே சொல்லலாம்.

இந்தத் தாராளம் கடைத்தெருவில் எவ்வளவு தூரம் செல்லும்? பாறசாலையில் சிமென்ட், கம்பி விற்கும் ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்ளலாம். சரக்கை நெய்யாற்றின்கரைக்கு அனுப்பினால் பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் வர வேண்டும். அதே லாரி தெற்கே திரும்பிக் களியக்காவிளைக் கடைக்குப் போனால் ஐஜிஎஸ்டி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, அதற்கு முன் வாங்கிய பில்லிங் மென்பொருள் எதற்கும் இந்தக் கணக்கு தெரியாது. முறைப்படி வாங்கிய மென்பொருள், பில் போடுவதற்காகவே வாங்கியது. அந்த வேலைக்காக அதைத் திருத்திக்கொள்ளக் கடைக்காரருக்கு 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது என்று வலுவாக வாதிடலாம். ஆனால் திருத்த வேண்டுமென்றால் மூலநிரல் வேண்டும். சிடியில் வந்ததோ இயந்திரத்துக்கு மட்டும் புரியும் ஒன்றும் சுழியும். சட்டம் உரிமையைக் கொடுத்தது. அதைப் பயன்படுத்தும் வழி விற்றவரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. கடைசியில் புதிய பதிப்புக்குக் காசு கட்டுவதைத் தவிர வேறு போக்கு இருக்காது. பில்லின் அடியில் மலையாளத்தோடு தமிழிலும் ஒரு வரி அச்சாக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாலும் கதை இதுவேதான்.

காசு கொடுத்து வாங்கியும் கையில் இருப்பது என்ன என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. என்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் வழக்கில் 2021 மார்ச் 2 அன்று வந்த தீர்ப்பு வருமான வரி பற்றியது. வெளிநாட்டு மென்பொருளுக்குக் கட்டும் பணம் ராயல்டியா, இல்லையா என்பதே தகராறு. அதற்கு விடை சொல்லும் வழியில், மென்பொருள் வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தத் தகுந்த ஒரு படி மட்டுமே, பதிப்புரிமையில் ஒரு துளியும் அவர் கைக்கு வருவதில்லை என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. புத்தகம் வாங்கியவர் நாவலுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை என்பதை ஒத்த நிலை.

செல்போன் கடைகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் ரிலையன்ஸ் நிறுவனம் தன் இணைப்போடு மட்டுமே வேலை செய்யும்படி பூட்டிய போன்களை மலிவாக விற்றது. அந்தப் போனின் நிரலை மாற்றி, போட்டி நிறுவனத்தின் இணைப்புக்குக் கொண்டுபோனதாக டாடா இண்டிகாம் ஊழியர்கள் மீது புகார் எழுந்தது. 2005இல் சையத் அசிஃபுத்தீன் வழக்கில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், போனுக்குள் இருப்பதும் கணினி நிரல்தான், அனுமதியின்றி அதை மாற்றுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று கூறி வழக்கு விசாரணைக்குப் போக வழிவிட்டது. வாங்கிய போன் என்னுடையது, அதனுள் உள்ள நிரல் என்னுடையது அல்ல என்ற பிரிவினை அன்றே பதிந்துவிட்டது.

நிரலின் எழுத்தைத்தான் சட்டம் காக்கிறது. அதிலுள்ள யோசனையை அல்ல. இந்தக் கோட்டை இந்தியாவில் ஆழமாகக் கீறியது ஒரு நாடக வழக்கு. ஆர்.ஜி. ஆனந்த் எழுதிய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைச் சுட்டுத்தான் 1956இன் 'நியூ டெல்லி' படம் எடுக்கப்பட்டது என்பது வழக்கு. வேறு வேறு மாநிலத்துக் குடும்பங்களிடையே காதலும் பிராந்தியப் பகையும் என்ற கருவுக்கு யாரும் பதிப்புரிமை கேட்க முடியாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கருவை எடுத்தாளும் விதத்துக்கே பாதுகாப்பு.

மென்பொருள் உலகில் இதே கேள்வி அமெரிக்காவில் பெரிய சண்டைகளாக வெடித்தது. லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளின் மெனுக் கட்டளைகளை போர்லேண்ட் நிறுவனம் தன் குவாட்ரோ மென்பொருளில் அப்படியே வைத்தது. மெனு என்பது இயக்கும் முறை, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. 2021 ஏப்ரலில் கூகுள், ஆரக்கிள் வழக்கு முடிந்தபோது, ஆரக்கிளின் ஜாவாவிலிருந்து சுமார் 11,500 வரி அறிவிப்புகளை ஆண்ட்ராய்டுக்காக கூகுள் எடுத்துக்கொண்டது நியாயமான பயன்பாடே என்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இந்திய நீதிமன்றங்களை இவை கட்டுப்படுத்தா. என்றாலும் இங்கே வாதாடும் வழக்கறிஞர்கள் கையில் இருப்பது இந்தத் தீர்ப்புகள்தான்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குத் தினமும் ரயிலேறிப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையில் இருக்கும்போது வேலைக்காக எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். தானே எழுதியது என்பதற்காக வீட்டுக்கு எடுத்துவந்து வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது.

இனி பள்ளிக்கூடம். எல்லையோரத்தில் இந்தச் சட்டத்தின் நல்ல முகத்தைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். கேரளத்தில் 2000களின் தொடக்கத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம் வந்தபோது பாடமும் பயிற்சியும் விண்டோஸைச் சுற்றியே தொடங்கின. ஆசிரியர் சங்கங்களிடமிருந்தும், யாரும் பார்த்து, மாற்றி, பகிரத்தக்க கட்டற்ற மென்பொருளின் ஆர்வலர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. ஒரு நிறுவனத்தின் சரக்கையே பிள்ளைகளுக்கு ஏன் பாடமாக வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்க ஆள் இருந்த ஊர் அது. 2001 ஜூலை 20 அன்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்ததே திருவனந்தபுரத்தில்தான். சில ஆண்டுகளில் பள்ளிகள் குனூ/லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. 2017இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று.

இன்று பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ அரசுப் பள்ளி லேப்பில் உட்காரும் பிள்ளை திறப்பது கைட் குனூ/லினக்ஸ். எழுத லிப்ரே ஆபீஸ், படம் வரைய ஜிம்ப், இங்க்ஸ்கேப், நிரல் பழக ஸ்கிராட்ச். பிளஸ் டூ வணிகவியலில் கணக்கு எழுத குனூகாத்தா. "இது எனக்கு வீட்டுக்கு வேணும் டீச்சர்" என்று பிள்ளை கேட்டால், ஆசிரியை பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். சர்வீஸ் கடையில் நடந்த அதே செயல்தான் இதுவும். இங்கே எந்தப் பிரிவும் மீறப்படவில்லை.

காரணம், உரிமையாளர்கள் முன்கூட்டியே அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 'ஓசி மென்பொருளுக்குப் பதிப்புரிமை கிடையாது' என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமம் பதிப்புரிமையின் மேல்தான் எழுந்து நிற்கிறது. யாரும் ஓட்டலாம், பார்க்கலாம், படியெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியதை வெளியே கொடுத்தால் மூலநிரலையும் சேர்த்து, அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் அனுமதி போய்விடும், பழைய சட்டம் முழு பலத்தோடு திரும்பி வரும். 2004இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், லினக்ஸ் நிரலைத் தன் கருவியில் வைத்துவிட்டு ஜிபிஎல் நிபந்தனையை மதிக்காத சைட்காம் நிறுவனத்துக்கு எதிராகத் தடை விதித்தது.

கைட் குனூ/லினக்ஸ் பிறந்த வழியைப் பார்த்தால் இந்த அனுமதியின் அருமை புரியும். 1993இல் தொடங்கிய டெபியன் ஒரு தொகுப்பு. அதைத் தழுவி 2004இல் உபுண்டு வந்தது. உபுண்டுவைத் தழுவிக் கேரளம் தன் பள்ளிக்கான பதிப்பைக் கட்டிக்கொண்டது. வேண்டாததை நீக்கி, பாடத்துக்கு வேண்டியதைச் சேர்த்து, இந்திய மொழிகளில் எழுதும் வசதியை வைத்தது. ஒவ்வொரு படியும் 14ஆம் பிரிவு சொல்லும் 'தழுவல்'தான். பூட்டிய மென்பொருளில் இதில் ஒரு படியைச் செய்யவே வக்கீல்களும் ஒப்பந்தங்களும் வேண்டியிருக்கும்.

2019இல் கைட் குனூ/லினக்ஸின் 18.04 பதிப்பை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் நிறுவியபோது, 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. எல்லாக் கணினிக்கும் எல்லா மென்பொருளையும் முழு விலைக்கு வாங்கியிருந்தால் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. உண்மையில் எந்த அரசும் அந்த விலையைக் கொடுத்திருக்காது. மிச்சத்தைவிடப் பெரிய ஆதாயம் வேறு. எந்த ஆசிரியரும் குற்றவாளியாகாமல் பாடம் நடத்த முடிந்தது.

கோட்டுக்குத் தென்புறம் கதை வேறு வழியில் போனது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சி-டாக் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது, தமிழ் முகப்பு உள்ளது. ஆனால் பள்ளிப் பாடம் அதன் மேல் நிற்கவில்லை, சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. பல வீடுகளில் அது திறக்கப்படாமலே அழிந்தது. களியக்காவிளைப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனான். பாறசாலையில் படிக்கும் அவன் அத்தை மகள் லினக்ஸில் பரீட்சை எழுதினாள். மென்பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதை வைத்து வேலை நடக்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு மாநிலங்களைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

எல்லையோரத் தமிழருக்கு இது மொழிப் பிரச்சினையும்கூட. கேரளத்தில் தமிழும் கன்னடமும் சிறுபான்மை மொழிகள். பள்ளிப் பாடநூல்கள் அந்த மொழிகளிலும் வருகின்றன. சில ஆயிரம் மாணவருக்காக ஒரு பன்னாட்டு நிறுவனம் தன் மென்பொருளைத் தமிழாக்கிக் கொடுக்கும் என்று காத்திருக்க முடியாது. நாமே செய்துகொள்ளலாம் என்றால், மெனுவிலுள்ள சொற்களை மாற்றுவதும் மொழிபெயர்ப்பு, அதுவும் உரிமையாளரின் தனியுரிமை. கட்டற்ற மென்பொருளில் அந்தத் தடை இல்லை.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு கேரளத்திலிருந்தே வந்தது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு, மலையாளத்துக்கு ஹுசைன் கே.எச். வரைந்த மீரா எழுத்துருவை வெளியிட்டது. அதன் கூடவே தமிழுக்கு 'மீரா இனிமை' என்ற எழுத்துருவையும் கொண்டுவந்தது. மலையாளிகள் தமிழுக்காக வரைந்து, திறந்த எழுத்துரு உரிமத்தில் விட்டிருக்கிறார்கள். டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு அதைப் போடலாம், ஃபிளெக்ஸில் அடிக்கலாம், மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், வளைவு பிடிக்கவில்லையென்றால் திருத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது, திருத்தியதை வேறு உரிமத்தில் பூட்டக் கூடாது. இதற்கு மேல் நிபந்தனை அதிகமில்லை.

சர்வீஸ் கடைக்காரரையும் இந்த வழிக்குக் கொண்டுவர முடியும். ரெய்டு அவரைப் பயமுறுத்தும், மாற்றாது. வருபவருக்கு வேண்டியது கடிதம் அடிப்பதும், படம் பார்ப்பதும், இணையமும்தான் என்றால், லினக்ஸ் போட்டுக் கொடுத்து அதே கூலியை அவர் நிம்மதியாக வாங்கலாம். பத்திரிகை அடிக்கும் கடைக்கு இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் போதும், ஆனால் பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளும் அச்சகத்தின் பிடிவாதமும் சில காலம் இடிக்கும். தனுவச்சபுரம் ஐடிஐயிலும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் படித்து வெளிவரும் பிள்ளைகளில் பலர் பள்ளியிலேயே லினக்ஸ் பழகியவர்கள். லிப்ரே ஆபீஸின் தமிழ் முகப்பில் தவறாக இருக்கும் ஒரு சொல்லைத் திருத்த அவர்களுக்கு இன்று தேவைப்படுவது ஓர் இணைய இணைப்பும் மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒரு கணக்கும் மட்டுமே. யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.